மருந்தை வெல்லும் புற்றும் அதனை வெல்லும் வழியும்



மருந்தினாற் குணமடைந்த புற்றுநோயாளி ஒருவருக்கு நோய் மீண்டதென்று கேட்டவுடன், "மருந்து பொய்த்துவிட்டது, இனி விதிப்படி ஆகட்டும்" என்று சொல்லிவிடுகின்றோம். அது சரியான தீர்ப்புத்தானா என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகின்றோம்.

நாட்பட்ட மைலோயிட்டு இரத்தப் புற்றுநோயை உதாரணமாகக் கொள்வோம். 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்ட் என்னும் இருவர் இந்நோயாளரின் கலங்களிலே குறுகிய நிறமூர்த்தம் ஒன்றைக் கண்டனர். 9ஆம் 22ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதே இதற்குக் காரணமென 1973இல் ஜனெற் றௌலி அம்மையார் காட்டினார். அம்மாற்றத்தாற் பிறக்கும் புரதம் ஒன்று, பெருகும்படி கலத்தை ஓயாது ஏவுகின்றது. 2001இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இமாற்றினிப் என்னும் மருந்து, அப்புரதம் சத்தியைப் பெறும் குழியிற் புகுந்து அதனை அடைத்துவிடுகின்றது. பெரும் பரிசோதனையொன்றில் இம்மருந்துடன் சிகிச்சை தொடங்கியோருள், பத்தாண்டின் பின்னும் நூற்றுக்கு ஏறக்குறைய 83 பேர் உயிருடனிருப்பர் எனக் கணக்கிடப்பட்டது.

ஆயினும் சிலரிடத்து நோய் மீண்டது. ஏன்? 2001இலேயே சோயர்சு குழுவினர் விடை கண்டனர். சிலரில் அப்புரதத்தின் 315ஆம் அமினோவமிலமாகிய திரெயோனின், ஐசோலூசினாக மாறியிருந்தது. மருந்து குழியிற் பொருந்தவில்லை. வேறு சிலரில் அப்புரதத்துக்குரிய பரம்பரையலகே பல பிரதிகளாய்ப் பெருகியிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கலங்கள் மருந்தைக் கண்டு யோசித்து மாறுவதில்லை. கோடிக்கணக்கான கலங்கள் பிரியும்போது தற்செயலாய்ப் பிழைகள் நேருகின்றன. மழை பொய்த்த வயலிலே வறட்சியைத் தாங்கும் புல் மட்டும் எஞ்சுமாப்போல, மருந்துக்கு மடியாத கலமே எஞ்சிப் பெருகுகின்றது.

காரணம் தெரிந்தமையால் வழியும் பிறந்தது. 2006இல் தசாற்றினிப், 2007இல் நிலோற்றினிப் என்பன வந்து பல விகாரங்களை அடக்கின. 315ஆம் இடத்து விகாரமோ அவற்றுக்கும் அடங்கவில்லை. அதனை அடக்கும் பொனாற்றினிப் 2012இல் வந்தது. குருதிக்குழாய்களில் அடைப்பை உண்டாக்கக்கூடுமாதலால் அதனை மிக்க அவதானத்துடனேயே கொடுக்கின்றனர். 2021இல் வந்த அசிமினிப், அப்புரதத்தின் வேறொரு குழியைப் பற்றுகின்றது. இரு குழிகளையும் ஒருங்கே அடைத்தால், தப்பும் கலத்துக்கு இரண்டு மாற்றங்கள் வேண்டும், அது அரிது. எலிகளில் இவ்விரட்டைத் தாக்குதல் பயன் தந்தமை 2017இல் வெளியாயிற்று.

ஆகவே, சகோதரர்களே, நோய் மீண்டதென்பது சிகிச்சையின் முடிவன்று. மருந்தை மாற்ற வேண்டுமோ என்று ஆராயும் வேளை. குணங் கண்டதென்று குளிசையை இடையில் விடாமையும், காலந்தவறாது இரத்தத்தைச் சோதிப்பித்தலும் நோயாளியின் கடமை. நோய் மீண்டவரை விதியின் கையில் விடாது, காலந்தாழ்த்தாமல் வைத்தியரிடம் மீண்டும் அழைத்துச் செல்வது நம் போன்ற இளைஞரின் கடமை. அதனை நாம் செய்வோமாக.