நான்கு எண்களும் அறுபது விநாடியும்

(ஆசிரியர் பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லினக்ஸ் கணினியில் வலையமைப்பு இடைமுகத்தை அமைப்பதற்காக எங்கள் பள்ளியில் ஒரு சிறு கருவி எழுதினோம். அதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர் பின்வரிசைக்கு நகர்ந்ததைக் கவனித்தேன். தயவுசெய்து முன்னால் வாருங்கள். கணினி ஆசிரியர் என்று ஒருவர் இல்லாத பள்ளியில் இணையம் நின்றுபோனால், அந்தக் கணினியின் முன் உட்காரப் போவது நீங்கள்தான். கருவி உங்களுக்காக எழுதப்பட்டதுதான்.

இடைமுகம் என்பது கணினிக்கும் வலையமைப்புக்கும் நடுவில் இருக்கும் வாசல். கேபிள் செருகும் துளை ஒரு வாசல், வைஃபை அட்டை இன்னொரு வாசல். இவை தவிர, கணினி தனக்குத்தானே பேசிக்கொள்ள 'எல்ஓ' என்று ஓர் இடைமுகம் எல்லா லினக்ஸ் கணினியிலும் உண்டு. அதன் எண் 127.0.0.1. கேபிளே இல்லாத கணினியிலும் இந்த எண் தெரியும். "எண் இருக்கிறதே, பிறகு ஏன் இணையம் வரவில்லை?" என்ற குழப்பம் பாதி இடங்களில் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

வாசல் வேலை செய்ய நான்கு எண்கள் சரியாக இருக்க வேண்டும். முதலாவது அந்தக் கணினிக்கே உரிய ஐபி எண். 192.168.1.25 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, அந்த எண்ணில் எந்தப் பகுதி ஆய்வகம் முழுவதற்கும் பொது என்று சொல்லும் மறைப்பெண். /24 என்றால் முதல் 24 பிட்டுகள் பொது. அதாவது 192.168.1 வரை எல்லாக் கணினிக்கும் ஒன்றே. மீதி 8 பிட்டுகளில் 256 எண்கள் கிடைக்கும். முதலும் கடைசியும் கணினிகளுக்குத் தரப்படுவதில்லை என்பதால் 254 மிஞ்சும். மூன்றாவது கேட்வே, ஆய்வகத்தை விட்டு வெளியே போகும் எதுவும் கடந்துபோக வேண்டிய ரவுட்டரின் எண். நான்காவது டிஎன்எஸ், நாம் தட்டச்சு செய்யும் தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் கணினியின் எண்.

இந்த நான்கில் எது தவறினாலும் பயன்படுத்துபவர் காண்பது ஒன்றே: பக்கம் திறக்கவில்லை. நான்கு நோய்க்கும் ஒரே காய்ச்சல். டிஎச்சிபி என்ற முறை இருந்தால் ரவுட்டரே நான்கையும் கொடுத்துவிடும், யாரும் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் அச்சுப்பொறிக்கும், கோப்புகளைப் பகிரும் கணினிக்கும், இணைப்பு தருபவர் குறிப்பிட்ட எண்ணைத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருக்கும் இடத்திலும் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் பள்ளியில் ஒருமுறை ஒரே ஓர் எண்ணைத் திருத்த 3 நாள் காத்திருந்தோம். வந்தவர் 2 நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். அந்த 3 நாளும் மாணவர் விவரப் பதிவு தலைமையாசிரியரின் கைப்பேசியில்தான் நடந்தது.

கருவியை எழுதத் தொடங்குவதற்கு முன் பழைய கருவிகளைப் பார்த்தோம். 'இஃப்கான்ஃபிக்' என்ற கட்டளை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2பிஎஸ்டி யுனிக்ஸில், 1983-இல் வந்தது. லினக்ஸ் பிறந்தபோது அதே பெயரில் அங்கும் வந்தது. 1990களின் பிற்பகுதியில் அலெக்ஸி குஸ்நெட்சோவ் 'ஐபிரூட்2' என்ற தொகுப்பை எழுதினார். அதிலுள்ள 'ஐபி' கட்டளைதான் இன்று பரவலாகப் பயன்படுகிறது. இயக்க அமைப்பின் உட்கருவோடு நெட்லிங்க் என்ற செய்திப் பரிமாற்ற முறையில் பேசுவதால், பழைய கட்டளைக்குத் தெரியாத பல விவரங்கள் இதற்குத் தெரியும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய உதவிக் குறிப்புகளை நம்பும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இஃப்கான்ஃபிக் காட்டும் எழுத்தை வெட்டி எடுத்து வேலை செய்யும் நிரல்கள் ஏராளம். அதன் பழைய பதிப்பில் எண்ணுக்கு முன்னால் 'ஐநெட் அட்ரஸ்' என்ற பொருளில் இரண்டு சொற்கள் இருந்தன. புதிய பதிப்பில் 'ஐநெட்' மட்டும்தான். ஒரு சொல் போனதும் அந்த நிரல்கள் எல்லாம் படுத்துவிட்டன. மனிதர் படிப்பதற்காக அச்சிடப்படுவதை நிரல் படிக்கக் கூடாது. ஐபி கட்டளையிடம் கேட்டால் ஜேசான் வடிவத்தில், ஒவ்வொரு மதிப்புக்கும் பெயரிட்டுத் தந்துவிடும். எங்கள் கருவி அதைத்தான் படிக்கிறது.

அடுத்ததுதான் உண்மையான சிக்கல். லினக்ஸில் 'இப்போது' என்பதும் 'எப்போதும்' என்பதும் வேறு வேறு. ஐபி கட்டளையால் எண்ணை மாற்றினால் அது உட்கருவின் நினைவகத்தில் மட்டும் மாறும். மின்சாரம் போய் வந்தால் மாற்றம் போய்விடும். காலையில் சரிசெய்த இணையம் மதியம் மின்வெட்டுக்குப் பிறகு மறுபடி நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் நடந்தது இதுதான். நிரந்தரமாக எழுதி வைக்கும் இடமோ எல்லா லினக்ஸிலும் ஒன்றல்ல. டெபியனில் 'இன்டர்ஃபேசஸ்' என்ற ஒரு கோப்பு. ரெட் ஹேட் குடும்பத்தில் நெடுங்காலம் இடைமுகத்துக்கு ஒரு கோப்பு. உபுண்டுவில் 17.10 பதிப்பிலிருந்து நெட்பிளான், அதில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குக்கூடப் பொருள் உண்டு. இவற்றோடு, ரெட் ஹேட் 2004-இல் தொடங்கிய நெட்வொர்க்மேனேஜர் தனக்கென்று ஒரு பதிவு வைத்துக்கொள்கிறது. ஒரு கணினியில் பலித்த வழி அடுத்த கணினியில் பலிக்காததற்குக் காரணம் ஆசிரியரின் அறியாமை அல்ல.

எங்கள் ஆய்வகக் கணினிகள் எல்லாவற்றிலும் நெட்வொர்க்மேனேஜர் இருந்தது. அதனால் கருவி எந்தக் கோப்பையும் தானாகத் தொடக்கூடாது, செய்ய வேண்டியதை நெட்வொர்க்மேனேஜரிடம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தோம். இதில் இன்னொரு வசதி, நிரல் முழுவதையும் நிர்வாகி உரிமையில் ஓட்ட வேண்டியதில்லை. மாற்றும் நேரத்தில் மட்டும் கடவுச்சொல் கேட்கும். பார்ப்பதற்கு யாருக்கும் தடையில்லை.

"நெட்வொர்க்மேனேஜருக்கே அமைப்புத் திரை இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல திரைதான். ஆனால் அது எல்லாருக்குமானது. பள்ளியில் ஒருபோதும் தேவைப்படாத பத்துப் பக்கங்களுக்கு நடுவே நமக்கு வேண்டிய நான்கு கட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. அதைவிட முக்கியமாக, அது மாற்றச் சொல்கிறது, எது கெட்டிருக்கிறது என்று சொல்வதில்லை.

அதனால் முதல் பதிப்பில் மாற்றும் வசதியே வைக்கவில்லை. காட்டும், அவ்வளவுதான். நான்கு வரிகள். கேபிளில் உயிர் இருக்கிறதா? கணினிக்கு எண் இருக்கிறதா? ரவுட்டர் பதில் சொல்கிறதா? பெயர் எண்ணாக மாறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை அல்லது சிவப்பு. மேலிருந்து கீழே படிக்கும்போது முதல் சிவப்பு எங்கே வருகிறதோ அங்கே கை வைத்தால் போதும். அதற்குக் கீழே உள்ள சிவப்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கேபிள் செருகியிருக்கிறதா என்பதை உட்கருவே 'கேரியர்' என்ற சிறு கோப்பில் 1 அல்லது 0 என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் இடைமுகம் அணைக்கப்பட்டிருந்தால் அந்தக் கோப்பைப் படிக்கவே முடியாது, பிழை வரும். அதனால் 'கேபிள் இல்லை', 'வாசல் மூடியிருக்கிறது' என்று இரண்டு தனிச் செய்திகள் தேவைப்பட்டன. துடைப்பம் பட்டுக் கழன்ற கேபிளை, எண்களில் கை வைக்காமலே, ஆயா அம்மா திரும்பச் செருகிவிட்டுப் போகும் நிலை வந்தது. என்னைக் கேட்டால் கருவியின் பயனில் பெரும்பகுதி இந்த நான்கு வரிகளில்தான் இருக்கிறது.

இடைமுகத்தின் பெயரும் ஒரு தொல்லை. முன்பு ஈத்0, ஈத்1 என்று உட்கரு கண்ட வரிசையில் பெயர் வைத்தார்கள். இரண்டு அட்டைகள் இருந்தால் பெயர் இடம் மாறிவிடும் ஆபத்து உண்டு. 2013 முதல் சிஸ்டம்டி, அட்டை செருகப்பட்ட இடத்தை வைத்துப் பெயர் தருகிறது. இஎன்பி3எஸ்0 என்றால் ஈதர்நெட், 3-ஆம் பிசிஐ பாதை, 0-ஆவது செருகுமிடம். பொருளுள்ள பெயர், ஆனால் வாயில் நுழையாது. கருவியில் 'கேபிள்', 'வைஃபை' என்று பெரிதாகவும் உண்மைப் பெயரைக் கீழே சிறிதாகவும் போட்டோம். தொலைபேசியில் உதவி கேட்கும்போது அந்தச் சிறிய எழுத்து தேவைப்படும்.

மாற்றும் வசதி இரண்டாம் பதிப்பில் வந்தது. பைத்தானில் 'ஐபிஅட்ரஸ்' என்ற நூலகம் கூடவே வருகிறது. எண் சரியான வடிவில் இருக்கிறதா, கேட்வே அதே வலையமைப்புக்குள் இருக்கிறதா, கடைசி எண் 0 அல்லது 255 என்று போட்டுவிட்டார்களா என்பதையெல்லாம் அதை வைத்து முன்கூட்டியே பார்த்துவிடலாம். அந்த எண்ணை வேறு கணினி வைத்திருக்கிறதா என்றும் சோதிக்கலாம். "இந்த எண் யாரிடம் இருக்கிறது?" என்று ஆய்வகத்துக்குள் ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பதுதான் அது. பதில் வந்தால் மோதல். ஆனால் அணைத்து வைத்திருக்கும் கணினி எப்படிப் பதில் சொல்லும்? அதற்கு எந்தக் கருவியாலும் விடை கிடையாது. இருப்புப் பதிவேட்டில் கணினியின் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஐபி எண்ணுக்கு ஒரு பத்தி சேர்த்தோம். பதிவேடு எழுதுவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா?

இனி அறுபது விநாடிக்கு வருகிறேன். எண்ணை மாற்றத் தயங்குபவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "இருப்பதும் போய்விட்டால்?" நியாயமான பயம். திரையின் அளவை மாற்றும்போது "இதை வைத்துக்கொள்ளவா?" என்று கணினி கேட்பதையும், பதில் சொல்லாவிட்டால் பழைய அளவுக்கே திரும்பிவிடுவதையும் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடு வலையமைப்புக்கும் உண்டு. உபுண்டுவின் நெட்பிளானில் 'ட்ரை' என்று சொல்லி மாற்றினால் 120 விநாடி காத்திருந்து, உறுதி செய்யாவிட்டால் திரும்பிவிடும். நெட்வொர்க்மேனேஜரில் இதற்குச் செக்பாயின்ட் என்று பெயர். மாற்றுவதற்கு முன் இருக்கும் நிலையைக் குறித்துக்கொண்டு, இத்தனை விநாடியில் சொல் வராவிட்டால் பழையபடி ஆக்கு என்று சொல்லிவிடலாம். கடிகாரம் நெட்வொர்க்மேனேஜருக்குள் ஓடுவதால், எங்கள் கருவி நடுவில் நின்றுபோனாலும் திரும்புவது நடக்கும்.

நாங்கள் 60 விநாடி வைத்தோம். அந்த நேரத்துக்குள் பழைய கணினி புது எண்ணோடு எழுந்து, நான்கு சோதனைகளும் ஓடி, எதிரில் இருப்பவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதைவிடக் குறைத்தால் படிப்பதற்குள் திரும்பிவிடுகிறது. கூட்டினால், "கெட்டுவிட்டது" என்று பதறிக் கணினியை அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. கணினியே அணைந்துவிட்டால் கடிகாரமும் நின்றுவிடும். அதனால் புது எண் முதலில் நினைவகத்தில் மட்டும் இருக்கும். 'இருக்கட்டும்' என்ற பொத்தானை அழுத்திய பிறகுதான் வட்டில் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போனால், கணினி மறுபடி எழும்போது பழைய எண்ணோடு எழும். சற்றுமுன் தொல்லை என்று சொன்ன 'இப்போது', 'எப்போதும்' வேறுபாடு இங்கே நமக்குக் காவலாக நிற்கிறது.

திரையில் தமிழ் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டளைத் திரையில் தமிழ் எழுத்துகள் உடைந்துதான் தெரிகின்றன. பைத்தானோடு வரும் டிகே சாளரத்தில் லினக்ஸில் 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஜிடிகே சாளரத்தில் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்கின்றன, அதையே எடுத்துக்கொண்டோம். சொற்கள்தான் அதிக நேரம் பிடித்தன. 'முகவரி' என்று எழுதியிருந்த கட்டத்தைப் பார்த்து எங்கள் இளநிலை உதவியாளர், "சார், இதுல பள்ளிக்கூட அட்ரஸா, ரவுட்டர் இருக்கிற ரூம் அட்ரஸா?" என்று கேட்டார். கேள்வியில் தவறே இல்லை. 'இந்தக் கணினியின் ஐபி எண்' என்று மாற்றினோம். 'கேட்வே'க்குப் பாடநூல் சொல் உண்டு, ஆனால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அந்தச் சொல் இருக்காது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஆள் பதற்றத்தில் இருப்பார். 'ரவுட்டரின் எண் – கேட்வே' என்று எழுதினோம்.

12ஆம் வகுப்பு மாணவர்களுக்கு வலையமைப்புக் கேபிளும் டிஎன்எஸ்ஸும் பாடத்தில் இருக்கின்றன. டிஎன்எஸ் எண்ணை மட்டும் வேண்டுமென்றே தவறாகப் போட்டு, நான்காவது வரி சிவப்பாகும்போது ரவுட்டர் வரி பச்சையாகவே இருப்பதைக் காட்டுகிறேன். ஒரு தளத்தின் பெயரைத் தட்டினால் திறக்காது, எண்ணைக் கொடுத்துச் சோதித்தால் பதில் வரும். 60 விநாடியில் எல்லாம் தானாகப் பழையபடி ஆகிவிடுவதால் மாணவர்களைத் தாராளமாகக் கெடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஒரு மாணவி, "சார், 59-ஆவது விநாடியில் பொத்தானை அழுத்தினால்?" என்று கேட்டு, அழுத்தியும் பார்த்தாள். தவறான எண் வட்டில் ஏறிவிட்டது. அன்று முதல், நான்கு வரிகளில் ஏதாவது சிவப்பாக இருந்தால் 'இருக்கட்டும்' பொத்தான் ஒருமுறைக்கு இருமுறை கேட்கிறது. கேள்வியின் வாசகத்தையும் அவளே எழுதினாள்.

வைஃபை கடவுச்சொற்களை இந்தக் கருவி தொடுவதில்லை, தொடப்போவதும் இல்லை. ஐபிவி6 எண்களைக் காட்டும், மாற்றாது. யார், எந்த நாளில், எந்த எண்ணை எதுவாக மாற்றினார்கள் என்று ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வரும். அதைத் தமிழில் அச்சிட்டு இருப்புப் பதிவேட்டில் ஒட்டும் வசதியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். மதிய இடைவேளையில் மடிக்கணினி இங்கேயே மேசை மேல் இருக்கும். கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.