விலை பேசும் உரிமை: சந்தையும் வறியோரும் கத்தோலிக்கப் பார்வையில்



சந்தை ஏழையை வாழவைக்குமா, வீழ்த்துமா? இந்தக் கேள்வி எழுந்ததுமே நம்மிடையே இரண்டு அணிகள் பிரிந்துவிடுகின்றன. எல்லாவற்றையும் சந்தையிடம் விடு என்கிறது ஓர் அணி. எல்லாவற்றையும் அரசிடம் கொடு என்கிறது மற்றது. திருச்சபையின் சமூகப் போதனையோ, ஏழை எந்த நிலையில் சந்தைக்குள் வருகிறார் என்பதை முதலில் பார்க்கிறது. ‘இந்த விலைக்குத் தரமாட்டேன்’ என்று சொல்லும் வலிமை உள்ளவருக்கே சந்தை பயன் தரும்; அந்த வலிமையை ஏழைக்கு உண்டாக்குவது நம் கடமை. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

1. திருமடல்கள் காட்டும் வழி

திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டார். தனிச்சொத்துரிமையை உறுதியாக ஆதரித்த அவர், தொழிலாளியும் சேமித்துச் சொத்துடையவராக வேண்டும் என்றார். வேறு வழியின்றிக் கடும் நிபந்தனைக்குச் சம்மதிப்பவர் அநீதிக்கு ஆளானவரே என்பதையும் அதே மடலில் எழுதினார்.

நூறாண்டு கழித்து, கம்யூனிச ஆட்சியில் வாழ்ந்து பார்த்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ‘சென்டெசிமுஸ் ஆன்னுஸ்’ மடலைத் தந்தார். வளங்களைப் பயன்படுத்தச் சந்தை மிகத் திறமையான கருவி என்று ஏற்றார். இலாபத்துக்கும் உரிய இடம் கொடுத்தார். வாங்கப் பணமில்லாதவரின் தேவை சந்தைக்கு எட்டாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

சந்தையின் திறமையை எண்களும் காட்டுகின்றன. உலக வங்கி நாளுக்கு 2.15 டாலர் என்ற வறுமைக்கோட்டை வைத்துப் போட்ட கணக்கின்படி, 1990இல் உலக மக்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கடும் வறுமையில் இருந்தார்கள். 2019இல் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சீனாவில் 1978க்குப் பின் உழவர்கள் மிஞ்சிய விளைச்சலைத் தாங்களே விற்கும் உரிமை பெற்றது இந்த மாற்றத்துக்கு முக்கியமான ஒரு காரணம். இதைச் சிறிதென்று ஒதுக்குவது, வறுமையிலிருந்து மீண்ட கோடிக்கணக்கானோரின் வாழ்வைச் சிறிதாக்குவதாகும்.

2. கடற்கரை ஏலம்

விலை பேசும் வலிமை இல்லாதவருக்குச் சந்தை பயன் தராது என்பதற்கு நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. குமரி முதல் திருவனந்தபுரம் வரையிலான கரையில் கத்தோலிக்க மீனவர் ஊர்கள் நெருங்கி நிற்கின்றன. வள்ளத்துக்கும் வலைக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், பிடித்த மீனை அவரிடமே கொடுத்தாக வேண்டும். மீன் சீக்கிரம் கெடும். வியாபாரி காத்திருக்கலாம், மீனவரால் முடியாது. கடனை அடைக்கச் சொல்லி வியாபாரி அவசரப்படுத்தவும் மாட்டார். கடன் நிற்கும்வரைதானே மீன் அவர் கைக்கு வரும்!

திருவனந்தபுரத்தை அடுத்த மரியநாட்டில், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா காலத்தில் மறைமாவட்டம் உருவாக்கிய குடியிருப்பில், மீனவர்கள் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். கடற்கரை ஏலத்தைச் சங்கமே நடத்தியது. எந்த வியாபாரியும் கேட்கலாம். கூடுதல் விலை சொன்னவருக்கு மீன். விற்ற பணத்தில் ஒரு பகுதி கடனுக்கு, சிறு பகுதி சேமிப்புக்கு, இன்னொரு சிறு பகுதி சங்கச் செலவுக்கு. மீன்பாடு இல்லாத நாளில் தவணையும் இல்லை. இந்த வழி ஊர் ஊராகப் பரவி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பிறந்தது. குமரி மாவட்டச் சங்கங்களும் அதில் சேர்ந்தன.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அருள்பணி மோசஸ் கோடி இதற்கு முன்பே இவ்வழியில் நடந்தவர். அந்திகோனிஷில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் 1928இல் தொடங்கிய விரிவுப்பணித் துறையை அவர் நடத்தினார். மீனவரும் சுரங்கத் தொழிலாளரும் படிப்பு வட்டங்களில் கூடிக் கணக்கும் வணிகமும் கற்றார்கள்; கடன் சங்கங்கள் அமைத்தார்கள்; சிங்கி இறாலைக் கூட்டாக விற்றார்கள்.

இரண்டு கரைகளிலும் சந்தை ஒழியவில்லை. ஒருவர் கைக்குள் அடைபட்டிருந்த சந்தை பலருக்கும் திறந்தது.

3. அரசின் இடம்

சங்கத்தால் ஆகாதவையும் உண்டு. கடலில் மீன்வளம் அழிவதை எந்த ஏலமும் தடுக்காது. அருள்பணி தாமஸ் கொச்சேரி போன்றோர் முன்னின்ற மீனவர் போராட்டங்களுக்குப் பின், கேரள அரசு 1988இல் மழைக்கால இழுவலைத் தடையைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இன்று 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. சிறு அமைப்புகள் தாமே செய்யக்கூடியதை மேலமைப்பு பறிக்கலாகாது, இயலாததில் துணைநிற்க வேண்டும் என்று 1931இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் வகுத்த நெறி இங்கே பொருந்துகிறது.

4. நம் முன் உள்ள பணி

கூடை சுமந்து மீன் விற்கும் பெண்கள் இன்றும் கந்துவட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு பங்கிலும் கடன் சங்கம் அமைப்போம். வணிகவியல் மாணவர்களே, அந்தச் சங்கங்களின் கணக்கை எழுதவும் தணிக்கை செய்யவும் நீங்கள் வாருங்கள். கத்தோலிக்க நிறுவனங்களை நடத்துவோரே, உங்கள் கடைநிலை ஊழியருக்குக் குடும்பம் நடத்தப் போதுமான ஊதியம் கொடுங்கள். அதைச் செய்யாமல் நீதியைப் பற்றிப் பிறருக்குப் போதிக்க நமக்கு உரிமை இல்லை.

இரக்கப்பட்டுக் கொடுப்பது நல்லது. ஏழை தன் உழைப்புக்குத் தானே விலை சொல்லும் நிலையை உண்டாக்குவது அதனினும் நல்லது. அந்தப் பணியில் சேருங்கள் என்று கேட்டு அமைகிறேன்.