எபிசோட் 41: ஏசியைத் தாங்குறது ஸ்டாண்டா, சுவரா?

அக்னி நட்சத்திரம் நெருங்குது. ஒரகடம், வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்ம ஆளுங்க பலபேர் இப்ப செகண்ட் ஹேண்ட் விண்டோ ஏசி தேடிக்கிட்டு இருப்பீங்க. காரணம் புரியுது. ஸ்பிளிட்டைவிட விலை கம்மி, காப்பர் பைப் இழுக்கிற வேலை இல்ல, ரூம் மாறினா கழட்டி டாடா ஏஸ்ல ஏத்திட்டுப் போயிடலாம். எந்த ஏசி வாங்கலாம்னு சொல்ல நிறைய வீடியோ இருக்கு. நான் இன்னிக்கு ஜன்னலுக்கு வெளியே அதைத் தாங்குற இரும்பு ஸ்டாண்டைப் பத்தி மட்டும் பேசப்போறேன்.

என்னைப் பத்தித் தெரியாத புது ஆளுங்களுக்கு: நான் மெக்கானிக்கல் படிச்சுட்டு சாஃப்ட்வேர் எழுதுறவன். அதுவும் ஃபேக்டரிகளுக்கு. அசெம்பிளி லைன்ல ஒரு போல்ட்டை எவ்வளவு டார்க்ல முறுக்கினாங்கன்னு பதிவு பண்ற மாதிரி சிஸ்டம். அதனால போல்ட் விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு, பொறுத்துக்கோங்க.

முதல்ல எடைக்கணக்கு. 1.5 டன் ஏசின்னா அந்த 1.5 டன் அதோட எடை இல்ல, குளிர்விக்கிற திறன். பெட்டியோட எடை சுமார் 50 கிலோ. ஒரு மூட்டை சிமென்ட்டை நினைச்சுக்கோங்க, அதே 50 கிலோ. அந்தப் பெட்டி முன்னாலிருந்து பின்னால சுமார் 65 சென்டிமீட்டர் நீளம். ஒம்போது இஞ்ச் செங்கல் சுவர்னா 23 சென்டிமீட்டர். நம்ம ஏரியா புது ரூம்கள்ல பெரும்பாலும் அதைவிட மெல்லிசான சுவர்தான். அப்போ பெட்டியில பாதிக்கு மேல வெளியே அந்தரத்துல நிக்குது. அதோட, கனமான கம்ப்ரஸர் உட்கார்ந்திருக்கிறது பின்பக்கம், அதாவது வெளியே. உள்ளே இருக்கிற முன்பக்கம் வெறும் காத்தாடி, ஃபில்டர், பிளாஸ்டிக் முகப்பு. கையை விட்டா பெட்டி தெருப்பக்கம்தான் சாயும்.

அதைத் தடுக்கத்தான் முக்கோண ஸ்டாண்டு. ஆங்கிள் இரும்புல ஒரு படுக்கைக் கம்பி, சுவரை ஒட்டி ஒரு செங்குத்துக் கம்பி, ரெண்டையும் சேர்க்கிற ஒரு சாய்வுக் கம்பி. எடை ஏறினதும் என்ன நடக்கும்? ஸ்டாண்டோட கீழ்முனை சுவரை அழுத்தும், மேல் போல்ட்டைச் சுவர்லேருந்து பிடுங்கப் பார்க்கும். நம்ம பயம் முழுக்க அந்த மேல் போல்ட் மேலதான் இருக்கணும்.

ஒரு சின்னக் கணக்கு. 40 கிலோ பாரம் சுவர்லேருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி இறங்குதுன்னு வைங்க. மேல் போல்ட்டுக்கும் கீழ்முனைக்கும் நடுவுல 30 சென்டிமீட்டர் உயரம் இருந்தா, மேல் போல்ட்டுகளைப் பிடுங்குற விசை மொத்தம் 40 கிலோ. அந்த உயரம் 15 சென்டிமீட்டரா குறைஞ்சா அதே விசை 80 கிலோ. ஏசி மாறல, எடை மாறல. ஸ்டாண்டு குட்டையானதும் போல்ட் மேல விழுற இழுவை இரட்டிப்பாயிடுச்சு. கடைல "இது 100 கிலோ தாங்கும் சார்"னு சொல்றாங்க இல்லையா, அது இரும்பு வளையுமா வளையாதான்னு சொல்ற நம்பர். உங்க சுவர் அந்த போல்ட்டைப் பிடிச்சு வெச்சுக்குமான்னு அந்தக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

இப்ப சுவருக்கு வருவோம். போன வருஷம் எங்க ரூம்ல விண்டோ ஏசி மாட்டினோம். ஏசிக்குன்னு சுவர்ல ஒரு சதுர ஓட்டை விட்டு பிளைவுட் அடிச்சு மூடியிருந்தாங்க. வந்த மெக்கானிக் அண்ணன் டிரில்லிங் மெஷினை எடுக்கவே இல்ல. முதல்ல விரல் முட்டியால சுவர்ல அங்கங்க தட்டினார், காது வெச்சுக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு சின்ன ஓட்டை போட்டு, வந்த தூளைக் கையில எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, பிட்டு கஷ்டப்பட்டு உள்ள போச்சுன்னா எனக்கு சந்தோஷம். இது வெண்ணெயில போற மாதிரி போகுது. ஹாலோ பிளாக். இதுல ஆங்கர் போல்ட் அடிச்சா இன்னிக்கு நிக்கும், ஆடி மாசக் காத்துக்கு நிக்குமான்னு சொல்ல மாட்டேன்"னார்.

அவர் சொன்னது சரிதான். ஆங்கர் போல்ட் ஓட்டைக்குள்ள விரிஞ்சு, சுத்தியிருக்கிற பொருளை நெரிச்சுப் பிடிக்கிற ஆயுதம். கான்கிரீட்ல பிரமாதமா பிடிக்கும். நல்ல செங்கல்லயும் பிடிக்கும், ஆனா பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள்ள போகணும், ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கிற கலவையில அடிக்கக் கூடாது. ஹாலோ பிளாக்ல உள்ளே காலி. மெல்லிசான ஓட்டுக்குப் பின்னால விரிய எதுவும் இல்ல. ஏஏசி பிளாக்னா, அந்த வெள்ளை நிற லேசான கல், அது விரியுற அழுத்தத்துலயே பொடியும். போதாததுக்கு கம்ப்ரஸர் ராத்திரி முழுக்க அதிர்ந்துக்கிட்டே இருக்கும். தளர்வா இருக்கிற போல்ட் நாளாக ஆக இன்னும் தளரும்.

அண்ணன் சொன்ன வழி: சுவரை முழுசாத் துளைச்சு உள்பக்கம் வர்ற நீளமான போல்ட், உள்ளே பாரத்தைப் பரப்ப ஒரு இரும்புத் தகடு, அதுக்கு மேல வாஷர், நட்டு. நட்டைக் கண்டபடி முறுக்கவும் கூடாது, பிளாக் நொறுங்கிடும். ஸ்டாண்டு ரெடிமேட் வேண்டாம், வெல்டிங் பட்டறையில உயரமா அடிச்சுக்கலாம்னார்.

இங்கதான் பிரச்சனை ஆரம்பிச்சுது. ஹவுஸ் ஓனர் அக்கா மேல வந்து பார்த்தாங்க. "சுவருக்கு அந்தப் பக்கம் வரைக்கும் ஓட்டையா? நீங்க காலி பண்ணினா அடுத்து வர்றவங்க என்ன கேப்பாங்க? அட்வான்ஸ்ல பிடிப்பேன்"னாங்க. அவங்க கோபத்துல நியாயம் இருக்கு, வீடு அவங்களோடது. நான் கணக்கெல்லாம் சொல்லல. ஜன்னல் வழியா கீழ பாருங்கக்கான்னேன். ஏசி வர்ற இடத்துக்கு நேர் கீழதான் விடிகாலை ஷிஃப்ட் பஸ்ஸுக்கு பொண்ணுங்க நிப்பாங்க. பக்கத்துல டீக்கடை பெஞ்ச். அக்கா ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "காலி பண்ணும்போது ஓட்டையை அடைச்சு பெயின்ட் அடிச்சுக் குடுக்கணும், வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பு"ன்னாங்க. அனுப்பிட்டேன். ரெடிமேட் ஸ்டாண்டோட பார்த்தா எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் கூடுதல், ஒரு நாள் தாமதம். ரூம்ல மூணு பேர், பிரிச்சுக்கிட்டோம்.

இது சும்மா பயமுறுத்தற பேச்சு இல்ல. 2024 ஆகஸ்ட்ல டெல்லி கரோல் பாக்ல, கீழே ஸ்கூட்டர்ல உட்கார்ந்து நண்பரோட பேசிக்கிட்டிருந்த ஒரு இளைஞர் மேல, மேல் மாடியிலேருந்து ஏசியோட வெளி யூனிட் விழுந்து அவர் இறந்துட்டார். சிசிடிவி காட்சி நாடு முழுக்க பரவுச்சு. அவர் அந்த ஏசியை வாங்கல, மாட்டல, அந்தக் காத்து அவருக்கு வரவும் இல்ல.

வெளிநாட்டுல இதுக்கு எழுதி வெச்ச விதியே இருக்கு. சிங்கப்பூர்ல வீட்டுக்கு வெளியே ஏசி யூனிட் மாட்ட, அரசு கட்டிட ஆணையத்தோட பயிற்சி எடுத்த ஆள்தான் வரணும். நியூயார்க் கட்டிடத் துறை, விண்டோ ஏசிக்கு முட்டுக்கொடுக்க செங்கல், மரத்துண்டு, டெலிபோன் டைரக்டரி எதையும் அடுக்காதீங்க, உலோக ஸ்டாண்டு வைங்கன்னு மக்களுக்குச் சொல்லியிருக்கு. டைரக்டரி வரைக்கும் சொல்றாங்கன்னா, ஊர் ஊருக்கு ஒரே புத்திதான் போல.

நம்ம காரிடாரைப் பாருங்க. 1998-ல இருங்காட்டுக்கோட்டையிலேருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்துச்சு. 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான், 2012-ல டெய்ம்லர் லாரி ஃபேக்டரி. இந்த மாதிரி லைன்கள்ல சீட் பெல்ட் போல்ட் சரியான டார்க் வரலைன்னா டூல் சிவப்பு விளக்கு காட்டும், வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகராது. உயரத்துல ஏறணும்னா பர்மிட், ஹார்னஸ், கீழ நின்னு பார்த்துக்க ஒரு ஆள். அங்க எட்டு மணி நேரம் அப்படி வேலை பார்த்துட்டு நாம திரும்புற ரூம்ல, மெக்கானிக் ஒருத்தர் ஒரு கையால ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு சன்ஷேட்ல நின்னு டிரில் பண்றார். 20 நிமிஷத்துல முடிச்சாத்தான் அவருக்கு அடுத்த வேலை. ஏசி விழுற முன்னாடி அவர் விழ வாய்ப்பு இருக்கு.

வல்லம் வடகால்ல 706.50 கோடி ரூபாய்ல 18,720 பேர் தங்குற விடுதியை 2024-ல அரசு திறந்துச்சு. பெரிய விஷயம். ஆனா இன்னும் எத்தனையோ பேர் சுத்துப்பட்டு ஊர்கள்ல அவசரமா எழும்பின மாடி ரூம்கள்லதான் இருக்கோம். அங்க போல்ட்டுக்கு சிவப்பு விளக்கு காட்ட யாரும் இல்ல. அதனால நாமளே கேட்போம்.

மாட்டுறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட, "இது செங்கல்லா, ஹாலோவா, ஏஏசியா?" தெரியலைன்னா சோதனை ஓட்டை போட்டுப் பாருங்க. மெக்கானிக் வர்றதுக்கு முன்னாடியே, "அண்ணா, பெல்ட் கொண்டு வருவீங்களா, ரெண்டு பேரா வருவீங்களா?"ன்னு கேளுங்க, அதுக்கு ஆகுற காசைப் பேசிக் குடுங்க. வேலை நடக்கும்போது கீழ உங்க ஃப்ரெண்டு ஒருத்தர் நின்னு யாரும் அந்தப் பக்கம் வராம பார்த்துக்கட்டும். ஸ்டாண்டு நல்லா நிக்குதான்னு பார்க்காம பெட்டியைத் தூக்காதீங்க. பெட்டி தண்ணி வடிய வெளிப்பக்கம் லேசா சாய்ஞ்சு இருக்கணும், ரசமட்டம் வெச்சுப் பாருங்க. வடியுற தண்ணி ஸ்டாண்டு மேலயே சொட்டினா துருப்பிடிக்கும், ஒரு டியூப் போட்டுத் தள்ளி விடுங்க. பழைய ரூம்ல கழட்டின ஆங்கர் போல்ட்டைப் புது ரூம்ல திரும்ப அடிக்காதீங்க.

ஏற்கெனவே மாட்டியிருக்கிறவங்க, மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை பாருங்க: போல்ட்டைச் சுத்தி விரிசல் இருக்கா, வெல்டிங் இடத்துல துரு உப்பியிருக்கா, ஏசி ஓடும்போது கடகடன்னு புதுசா சத்தம் வருதா. ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கு ஃபேனோட தூங்குங்க, மறுநாள் ஆளைக் கூப்பிடுங்க.

உங்க ஸ்டாண்டு போட்டோவை அனுப்புங்க, எந்தச் சுவர்னும் சேர்த்து எழுதுங்க. அடுத்த எபிசோட்ல இதே ரூம்களோட கரண்ட் லைனைப் பத்திப் பேசுவோம்: ஒரே மீட்டர்ல நாலு ஏசி ஓடினா ஒயருக்கு என்ன ஆகும்? அதுவரைக்கும் பத்திரம் மக்களே.