கடல் கடந்த வழக்கும் நம் ஊர் வக்கீலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காக எழுதிக் கொடுக்கும்படி செயலாளர் கேட்டுக்கொண்டதால், பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே தந்திருக்கிறேன்.)



'சட்டத் துறையில் கடல் கடந்த வாய்ப்புகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டார். "ஒரு வாய்தாவுக்குத் திருவண்ணாமலை போறதுக்கே முனகுறீங்க, நீங்க வெளிநாட்டைப் பத்திப் பேசப் போறீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் ஆரணி கோர்ட்டில் வழக்காடுகிறவன். பாஸ்போர்ட் எடுத்திருக்கிறேன், அதில் ஒரு முத்திரைகூட விழவில்லை. ஆனாலும் இந்தத் தலைப்பை ஒத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

எங்கள் நயினா தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டே, "எம் மவன் பாரிஸ்டர் ஆவான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்த பாரிஸ்டர்கள் காந்தியும் சினிமாவில் வருகிறவர்களும்தான். பாரிஸ்டர் பட்டம் லண்டனில் உள்ள நான்கு சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து பெறுவது. லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்று பெயர். படித்தால் மட்டும் போதாது, அங்கே நடக்கும் விருந்துகளிலும் இத்தனை முறை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. நம் ஊர்க் கல்யாணப் பந்திகளை அவர்கள் கணக்கில் எடுத்திருந்தால் நாமெல்லாம் எப்போதோ பாரிஸ்டர்கள்!

அந்தக் காலத்து மதராஸ் ஹைகோர்ட்டில் பாரிஸ்டர் என்றால் ஒரு ஜாதி, வக்கீல் என்றால் இன்னொரு ஜாதி. 1862-இல் ஹைகோர்ட் தொடங்கியபோது செல்வாக்கெல்லாம் வெள்ளைக்கார பாரிஸ்டர்கள் பக்கம். இங்கேயே படித்துப் பட்டம் பெற்ற வக்கீல்கள் அவர்களோடு மல்லுக்கட்டித்தான் இடம் பிடித்தார்கள். அப்படி வந்தவர் சர் வெ. பாஷ்யம் அய்யங்கார். லண்டன் போய்ப் படித்தவர் அல்லர். ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகப் பொறுப்பு வகித்த முதல் இந்தியர் அவர்தான். 1961-இல் வந்த வழக்கறிஞர் சட்டம் இந்தப் பேதத்தையே எடுத்துவிட்டது. எல்லாரும் அட்வகேட்தான். 1976 டிசம்பர் 31-க்குள் பாரிஸ்டர் ஆனவர்களுக்கு மட்டும் அந்தப் பட்டத்தை வைத்தே இங்கே பதிவு செய்துகொள்ளும் சலுகை இருந்தது. ஆக, நயினா ஆசைப்பட்ட காலத்திலேயே அந்தக் கதவு மூடியாகிவிட்டது. அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கதையும் உண்டு. 1894-இல் காந்தி நேட்டாலில் வழக்காட அனுமதி கேட்டபோது, அங்கிருந்த வக்கீல் சங்கம் கூடாது என்று எதிர்த்து நின்றது. நீதிமன்றம் சங்கத்தின் பேச்சைக் கேட்காமல் அனுமதித்தது. அனுமதித்த கையோடு, தலைப்பாகையைக் கழற்றச் சொன்னது. அந்த நாட்களில் அவரிடம் வந்த கட்சிக்காரர்களில் ஒருவர் பாலசுந்தரம். நம் தமிழர், ஒப்பந்தக் கூலி. எஜமான் அடித்ததில் பல் உடைந்து ரத்தத்தோடு வந்து நின்றார். அவரை வேறொரு எஜமானிடம் மாற்றிவிட்டுத்தான் காந்தி ஓய்ந்தார். எல்லை தாண்டிய வக்கீல் தொழில் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பாலசுந்தரம்தான்.

சரி, இன்றைய நிலவரத்துக்கு வருவோம். வெளிநாட்டு வக்கீல்கள் இந்தியாவுக்குள் வரலாமா என்ற சண்டை பெரிய அளவில் நடந்தது நம் சென்னை ஹைகோர்ட்டில்தான். ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களை எதிர்த்து ரிட் போட்டார். 2012 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. இங்கே தொழில் நடத்தக் கூடாது, ஆனால் வந்து ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம், சர்வதேச வணிக ஆர்பிட்ரேஷனுக்கு வரலாம் என்றார்கள். 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட், வந்து போவது எப்போதாவது ஒரு முறையாக இருந்தால் சரி, வாடிக்கையாகிவிட்டால் அதுவும் தொழில்தான் என்று இன்னும் கொஞ்சம் இறுக்கியது. அதன் பிறகு பார் கவுன்சிலே மனம் மாறி, 2023 மார்ச்சில் விதிகளை வெளியிட்டது. 2025 மே மாதம் அதைத் திருத்தியது.

அந்த விதிகளை நம் ஊர் பார் ரூமில் படித்தவர்கள் குறைவு, பயந்தவர்கள் அதிகம். "இனிமே வெள்ளைக்காரன் வந்து நம்ம பொழைப்பக் கெடுத்துடுவான்" என்று ஒரு சீனியர் என்னிடம் சொன்னார். அண்ணே, விதியில் அப்படி இல்லை. பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு வக்கீல் அவர் நாட்டுச் சட்டம், சர்வதேசச் சட்டம், ஆர்பிட்ரேஷன், அவ்வளவுதான் பார்க்கலாம். கோர்ட்டில் ஆஜராக முடியாது. பத்திரம் எழுத முடியாது, வில்லங்கம் பார்க்க முடியாது. பதிவு செய்யாமல் வந்து போகிறவருக்கு 12 மாதத்தில் 60 நாள்தான் கணக்கு. அதுவும் அவர் நாடு நம் வக்கீல்களை அனுமதித்தால்தான் இவருக்கு இங்கே அனுமதி. இதில் ஆரணி முன்சீப் கோர்ட்டுக்கு என்ன ஆபத்து?

நான் கவனித்தது வேறு ஒன்று. 2025 திருத்தத்தில், நம் நாட்டு வக்கீலும் பதிவு செய்துகொண்டு வெளிநாட்டுச் சட்டத்தில் தொழில் செய்யலாம், அதனால் இங்கே கோர்ட்டுக்குப் போகும் உரிமை போய்விடாது என்று வழி வைத்திருக்கிறார்கள். கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது. 2023 ஜூனில் இங்கிலாந்தின் பார் கவுன்சில், லா சொசைட்டி இரண்டோடும் நம் பார் கவுன்சில் ஓர் உடன்படிக்கை செய்தது, இளம் வக்கீல்கள் இங்கும் அங்கும் போய்வர. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக 2021 செப்டம்பரிலிருந்து இரண்டு பகுதிகளாக ஒரு தேர்வு இருக்கிறது, எந்த நாட்டு வக்கீலும் எழுதலாம். சிங்கப்பூரில் 2015-இல் தொடங்கிய சர்வதேச வணிக நீதிமன்றத்தில், அந்த நாட்டோடு பெரிய சம்பந்தம் இல்லாத வழக்கு என்றால், பதிவு செய்த வெளிநாட்டு வக்கீலே நின்று வாதாடலாம். தங்கைகளே, இதெல்லாம் செலவு பிடிக்கிற காரியம், சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றுகிறவன் ஆவேன். தறி வீட்டிலிருந்து நேராக லண்டனுக்குப் போய்விடலாம் என்று நான் சொல்ல மாட்டேன். போகிறவர்கள் போகட்டும், சந்தோஷம்.

போகாதவர்களுக்கு என்ன இருக்கிறது? அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2009-ஆம் வருஷம். தெருக்கோடி அண்ணன் ஒருவர், சொந்தத் தறியும் வியாபாரமும் உள்ளவர், ஒருநாள் மாலை என் ஆபீசுக்கு வந்தார். வெளிநாட்டில் ஒரு கடைக்கு முகூர்த்தப் புடவை 42 அனுப்ப வேண்டும். எட்டுப் பக்கம் ஒப்பந்தம், எல்லாம் இங்கிலீஷ். "தம்பி, கையெழுத்துப் போடலாமா பாரு" என்றார். மறுநாள் எனக்கு ஒரு பாகப்பிரிவினை வழக்கில் குறுக்கு விசாரணை. விலை, தேதி, எண்ணிக்கை மூன்றையும் பார்த்தேன். மற்றதைப் புரட்டினேன். "போடுங்கண்ணே, ஒண்ணும் இல்ல" என்றேன்.

புடவைகள் போய்ச் சேர்ந்தன. நிறம் ஒத்துவரவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. பணமும் வரவில்லை, புடவையும் வரவில்லை. அப்போதுதான் ஏழாவது பக்கத்தைப் படித்தேன். தகராறு எதுவானாலும் அந்த நாட்டுக் கோர்ட்டில்தான், அந்த நாட்டுச் சட்டப்படிதான். சரக்கைத் திருப்பி அனுப்பும் செலவும் அனுப்பியவர் தலையில். வக்கீல் நோட்டீஸ் விட்டேன், பதில் இல்லை. அங்கே ஒரு வக்கீலைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அவர் கேட்ட கட்டணம் 42 புடவையின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அண்ணன் ஒரு தறியை விற்றார். என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, எல்லை தாண்டிய வழக்குகள் நம் ஊருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன என்பது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 44-ஏ என்று ஒரு பிரிவு. இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்று நம் அரசு அறிவித்த நாடுகளின் உயர் நீதிமன்றத் தீர்ப்பை, நம் மாவட்ட நீதிமன்றத்தில் அப்படியே ஈ.பி. போட்டு நிறைவேற்றலாம். 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு எமிரேட்ஸையும் சேர்த்தார்கள். அதாவது, ஆரணி வியாபாரி மேல் லண்டனில் ஒரு தீர்ப்பு வந்தால் அதை நிறைவேற்ற அவர்கள் திருவண்ணாமலை கோர்ட்டுக்குத்தான் வர வேண்டும். அங்கே கறுப்புக் கோட்டோடு நிற்கப் போவது நாம்தான், லண்டன் பாரிஸ்டர் அல்லர். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே வாங்கிய தீர்ப்பை வைத்து இங்கே புது வழக்கே போட வேண்டும்.

வந்த தீர்ப்பையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். 13-ஆம் பிரிவில் ஆறு விதிவிலக்குகள் இருக்கின்றன. லூதியானாவில் ஒரு கம்பளி மில். இங்கிலாந்துக் கம்பெனி அங்கே வழக்குப் போட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வாங்கி வந்து நின்றது. சாட்சியத்தை அலசாமல், எதிராளி வரவில்லை என்பதற்காக மட்டும் கொடுத்த தீர்ப்பு இங்கே செல்லாது என்று 2001-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்டர்நேஷனல் வுல்லன் மில்ஸ் வழக்கு. சட்டம் படிக்கப் போகிற தம்பிகள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்காரர்கள் நிறைந்த ஊரில் இதைவிட உபயோகமான வழக்கு கிடையாது.

குடும்ப வழக்குகளும் அப்படித்தான். திருப்பதியில் நடந்த கல்யாணம், மாப்பிள்ளை அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துக் கோர்ட்டில் போய் விவாகரத்து வாங்கிவிட்டார். அது இங்கே செல்லாது என்று 1991-இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்தது, நரசிம்ம ராவ் வழக்கில். நம் பக்கத்திலும் எத்தனை பெண்களுக்கு இப்படித் தபாலில் காகிதம் வருகிறது! பயந்துபோய், வந்ததை அப்படியே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். "இது செல்லுமா செல்லாதா, கேட்டுப் பாருங்கம்மா" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? மலேசியாவில் இறந்துபோன பெரியப்பாவின் சொத்து, துபாயிலிருந்து வரும் பவர் பத்திரம், எல்லாம் இந்தக் கணக்கில் வருகிற வேலைதான். இதற்கு விசா வேண்டாம். படிப்பு வேண்டும், இங்கிலீஷில் ஒரு பக்கத்தை முழுசாகப் படிக்கும் பொறுமை வேண்டும். எனக்கு அன்றைக்கு இல்லாமல் போனது அந்தப் பொறுமைதான்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது நம் நாட்டுச் சட்டப்படியான பாதுகாப்பு. கடலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். யார் பார்க்கப் போகிறார்கள்? சென்னையில் இருக்கும் பெரிய ஆபீஸ்களுக்கு ஊடை எது, பாவு எது என்று தெரியாது. நம் பிள்ளைகளுக்குத் தெரியும்.

போன தை மாதம் அதே அண்ணன் மறுபடி வந்தார். இன்னொரு நாடு, இன்னொரு கடை, இன்னொரு ஒப்பந்தம். என்னிடமே வந்தாரே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு நாள் அவகாசம் வாங்கிக்கொண்டேன். வரிவரியாகப் படித்தேன். பாதிப் பணம் முன்னால் வர வேண்டும், மீதி வங்கி மூலமாக எல்.சி., நிறம் பற்றிய புகார் சரக்குச் சேர்ந்த 10 நாளைக்குள், தகராறு வந்தால் சென்னையில் ஆர்பிட்ரேஷன் என்று திருத்தி அனுப்பினோம். சென்னைக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூரில் ஒரே ஒரு நடுவர் என்று முடிந்தது. சின்னத் தொகைக்கு அதுவும் செலவுதான், எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் மற்ற மூன்றும் நின்றன. பாதிப் பணம் கைக்கு வந்த பிறகுதான் பாவு பிணைத்தார்கள்.

அண்ணன் கையெழுத்துப் போடும் முன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏழாம் பக்கம் பாத்தியாடா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இந்த மாதிரிக் காகிதங்களைக் கூட உட்கார்ந்து படிக்க விரும்பினால், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஆபீசில்தான் இருப்பேன். டீ என் கணக்கு.