தலைகீழாக விழுவது பற்றி லிஃப்ட்டில் கேட்ட கேள்வி

(கடந்த மாதக் கடைசி ஞாயிறன்று நமது சமூகக் கூடத்தில் நடந்த குடியிருப்போர் சந்திப்பில், சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி இரண்டையும் பேசி முடித்தாகிவிட்டது. சுண்டல் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

போன மாதம் லிஃப்ட்டில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு அம்மா என்னை மறித்தார். அவருடைய மகன் மேற்படிப்புக்காக அரிசோனா போகிறான். "சார், நீங்கள் அங்கே இருந்தபோது விமானத்திலிருந்து குதிப்பீர்களாமே? இவனும் குதிக்கப் போகிறேன் என்கிறான். அதுவும் தலைகீழாக விழுவார்களாமே, உண்மையா?" என்றார். மூன்றாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. "வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று முடித்திருக்கலாம். என் அம்மா என்னிடம் அப்படிச் சொல்லியிருப்பார் என்பதால்தான், நான் குதித்த காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போவதாக அவரிடம் சொல்லிவந்தேன். ஆகவே அந்த அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அவரும் வந்திருக்கிறார், மகனும் வந்திருக்கிறான். இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் உயரம். நம் மொட்டைமாடி தரையிலிருந்து ஏறத்தாழ நூறு அடி. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவில், பாலைவனத்தில் ஈலாய் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே விமானம் எங்களை 13,000 அடிக்கு ஏற்றிச் செல்லும். நம் கட்டடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக 130 தடவை அடுக்கினால் வரும் உயரம். அங்கிருந்து வயிறு தரையைப் பார்க்கும்படி, கை கால்களை விரித்து விழுவதுதான் எல்லோரும் முதலில் கற்பது. படங்களில் நீங்கள் பார்த்திருப்பதும் அதைத்தான். அப்போது வேகம் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர். பாராசூட்டைத் திறக்கும் உயரம் வருவதற்குள் ஏறக்குறைய ஒரு நிமிடம் கிடைக்கும்.

ஃப்ரீஃப்ளை என்பது அந்த நிலையை விட்டுவிட்டு உட்கார்ந்தபடியோ, நின்றபடியோ, தலைகீழாகவோ விழுவது. காற்றில் நாற்காலி இல்லாமல் உட்காருவதை முதலில் கற்றுத்தருவார்கள். முதுகு நேராக, தொடை தரைக்கு இணையாக, பாதங்கள் தோள் அகலத்துக்கு விலகி, கைகள் பக்கவாட்டில் நீட்டி. சுவரில் சாய்ந்து உட்காரும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அந்த வடிவம் தெரியும். சுவர் மட்டும் இருக்காது. உடம்பு காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைவதால் வேகம் கூடுகிறது. தலைகீழாக விழும்போது மணிக்கு 240 முதல் 290 கிலோமீட்டர் வரை போகும். ஒரு வினாடிக்கு நம் கட்டடம் இரண்டுக்கும் மேல். ஒரு நிமிடமாக இருந்த விளையாட்டு நாற்பது, நாற்பத்தைந்து வினாடியாகச் சுருங்கிவிடும்.

இதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஓலாவ் ஸிப்ஸர். எல்லோரும் வயிற்றுப்புறமாக விழுந்து கைகோத்து வட்டம் அமைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவர் மற்ற எல்லா நிலைகளிலும் விழுந்து பார்த்தார். 1990களின் தொடக்கத்தில் 'ஃப்ரீஃப்ளை கிளவுன்ஸ்' என்ற குழு அவரைச் சுற்றி உருவானது. கோமாளிகள் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்பதால் முந்திக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். எடை வைத்த ஒரு பந்தைக் கூடவே விழவிட்டு, அதன் அருகிலேயே நிற்கப் பழகுவது அவர் கண்ட பயிற்சி. பந்து ஒரே வேகத்தில் விழும். நாம்தான் ஏறி இறங்கிக்கொண்டிருப்போம். நம் யோக்கியதை உடனே தெரிந்துவிடும்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பயப்பட வேண்டியது எதைப் பார்த்து?

தரையைப் பார்த்துத்தான் பயப்படுவோம், இயற்கை. ஆனால் தரைக்கு ஏற்பாடு இருக்கிறது. முதுகில் இரண்டு பாராசூட்டுகள். இரண்டாவதைச் சான்று பெற்ற ரிக்கர்தான் மடித்து வைக்க வேண்டும். அதோடு சைப்ரஸ் என்று ஒரு சிறு கருவி உண்டு. 1991இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடும். சுமார் 750 அடி உயரத்தில் நீங்கள் இன்னும் மணிக்கு 125 கிலோமீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், நீங்கள் மயங்கிவிட்டீர்கள் என்றோ மறந்துவிட்டீர்கள் என்றோ அது முடிவுசெய்து, இரண்டாவது பாராசூட்டைக் கட்டியிருக்கும் கயிற்றைத் தானே வெட்டிவிடும்.

ஃப்ரீஃப்ளையில் எனக்குப் பயம் வந்தது கூட விழுகிற ஆளைப் பார்த்து. கூட விழுகிற ஆளுக்கு என்னைப் பார்த்து வந்திருக்க வேண்டும்.

நான் அப்போது 87 தடவை குதித்திருந்தேன். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த நண்பருக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. இருவரும் தனித்தனியாக உட்கார்ந்து விழக் கற்றுக்கொண்டிருந்தோம். கற்றுக்கொண்டுவிட்டோம் என்று நினைத்தோம், அதுதான் சரி. ஒரு சனிக்கிழமை, பயிற்சியாளரிடம் சொல்லாமல் இருவருமாக ஒன்றாகக் குதித்தோம். ஒன்பதாயிரம் அடி வரை அருமையாக இருந்தது. நண்பர் எனக்குச் சற்று மேலே, எதிரே உட்கார்ந்திருந்தார். சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் என் ஒரு கால் நழுவியது. உடம்பு தடுமாறி, பழகிய பழைய நிலைக்கு, வயிறு கீழே பார்க்கும்படி, தானாகத் திரும்பிக்கொண்டது.

அதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். நான் அந்தக் கணத்தில் 240 கிலோமீட்டரிலிருந்து 190க்கு வந்துவிட்டேன். நண்பர் 240இலேயே இருக்கிறார், எனக்கு நேர் மேலே. இடைவெளி மணிக்கு 50 கிலோமீட்டர். நம் கேட்டுக்கு வெளியே அந்த வேகத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுத்தெருவில் நிற்பவன் நான். தண்ணீரில் அமுக்கிப் பிடித்த தக்கையை விட்டால் குபுக்கென்று மேலே வருமே, அதனால் இதைத் 'தக்கையாவது' என்ற பொருளில் கார்க்கிங் என்பார்கள். நண்பரின் முழங்கால் என் இடது தோளில் பட்டது. உடுப்பின் கை கிழிந்தது, தோள் இரண்டு வாரம் நீலமாக இருந்தது. அரை அடி தள்ளிப் பட்டிருந்தால் கழுத்து. அவ்வளவுதான் வித்தியாசம்.

இருவரும் பாராசூட்டைத் திறந்து இறங்கினோம். என் கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. பயிற்சியாளர் திட்டவில்லை. "உங்கள் இருவரில் யாருக்கு உட்காரத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. அதன் பிறகு பல வாரங்கள் அவரோடும் தனியாகவும் மட்டுமே குதித்தேன். தடுமாறினால் வயிற்றுப்புறம் திரும்பாமல் முதுகுப்புறமாகச் சாய்ந்து, வேகத்தை விடாமல் மீண்டும் உட்காருவது எப்படி என்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். அதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னொருவர் பக்கத்தில் போகவே கூடாது.

தனியாகக் குதிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விமானம் ஒரே கோட்டில் பறந்தபடி, இடைவெளி விட்டுக் குழு குழுவாக ஆட்களை இறக்கிவிடும். புதிதாக உட்காருகிறவன் நேராக விழுவதாக நினைத்துக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கிப் போய்க்கொண்டிருப்பான். பக்கத்தில் வேறு ஆள் இல்லாததால் அவனுக்கே தெரியாது. அந்த வழுக்கல் விமானம் போகும் கோட்டிலேயே இருந்தால், முன்னால் குதித்த குழுவுக்கு மேலேயோ பின்னால் குதித்த குழுவுக்குக் கீழேயோ போய் நிற்பான். அதனால்தான் அந்தக் கோட்டுக்குக் குறுக்காக முகத்தை வைத்துக்கொண்டு விழு என்பார்கள். குதிக்கும் வரிசைக்கும் காரணம் உண்டு. விமானம் காற்றை எதிர்த்துப் பறக்கும். வயிற்றுப்புறமாக விழுகிறவர்கள் அதிக நேரம் காற்றில் இருப்பதால் பின்னோக்கி அதிக தூரம் தள்ளப்படுவார்கள், அவர்கள் முதலில். வேகமாக விழும் ஃப்ரீஃப்ளைக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால். மாற்றி இறக்கினால் மெதுவாக விழுகிறவர்கள் நம் தலைக்கு மேல் மிதந்து வருவார்கள்.

அடுத்தது சாமான்கள். இதில் பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். செகண்ட்ஹேண்டில் மலிவாக ஒரு கன்டெய்னர் வாங்கினேன். பாராசூட்டுகளை மடித்து முதுகில் சுமக்கும் பைக்குத்தான் அந்தப் பெயர். நிறம் நன்றாக இருந்தது. ரிக்கர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வயிற்றுப்புறமாக விழ இது போதும், உட்கார்ந்து விழ இதைப் போட்டுக்கொண்டு விமானம் ஏற விடமாட்டேன் என்றார். அதன் மடிப்புகளை மூடியது வெல்க்ரோ. தேய்ந்து போயிருந்தது. சிறு பாராசூட்டையும் பெரிய பாராசூட்டையும் இணைக்கும் நாடா ஒரு விரல் நீளம் வெளியே தெரிந்தது.

வயிற்றுப்புறமாக விழும்போது முதுகுப் பை காற்றின் நிழலில் இருக்கும். உட்கார்ந்தாலோ தலைகீழானாலோ காற்று அந்த மடிப்புகளுக்குள் நேராகப் புகும். எட்டிப் பார்க்கும் நாடாவைப் பிடித்து இழுத்தால் 250 கிலோமீட்டர் வேகத்தில் பாராசூட் தானாகத் திறந்துகொள்ளும். துணி கிழியலாம், கயிறு அறலாம். அவை உறுதியாக இருந்தால் இன்னும் மோசம், உடம்பு அந்த உதறலை வாங்கிக்கொள்ளும். கழுத்திலும் உள்ளுறுப்பிலும் காயம்பட்டு இறந்தவர்கள் உண்டு. அதனால் ஃப்ரீஃப்ளைக்கு ஏற்ற பையில் மடிப்புகள் வெல்க்ரோ இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாகச் செருகிக்கொள்ளும். நாடா முழுக்க மூடப்பட்டிருக்கும். சிறு பாராசூட் இருக்கும் உறையின் எலாஸ்டிக் விறைப்பாக இருக்கும். தொடைப் பட்டைகள் இரண்டையும் பின்னால் ஒரு எலாஸ்டிக் நாடாவால் கட்டுவார்கள். உட்கார்ந்த நிலையில் பட்டை முழங்காலை நோக்கி நழுவக் கூடாது என்பதற்காக.

உடுப்பு தொளதொளவென்று இருந்த காலம் போய்விட்டது. சட்டை மேலே ஏறிக் கைப்பிடிகளை மறைத்தால் கடைசி நேரத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஹெல்மெட்டுக்குள் காதருகே ஒலி எழுப்பும் ஆல்டிமீட்டர் வைத்துக்கொள்வோம். மணிக்கட்டில் கட்டியதைப் பார்க்க எல்லா நிலையிலும் வசதிப்படாது, நேரமும் வயிற்றுப்புற விழுதலைவிடக் குறைவு. கேமராவைப் பற்றித் தம்பிக்குத் தனியாகச் சொல்கிறேன்: 200 தடவை குதித்த பிறகுதான் என்பது அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரை. அங்கே முதல் உரிமத்துக்கே குறைந்தது 25 குதிப்பு வேண்டும். இன்ஸ்டாகிராம் அதுவரை காத்திருக்கும்.

போட்டிகளைப் பற்றிக் கொஞ்சம். சர்வதேசப் போட்டியில் ஒரு ஃப்ரீஃப்ளை அணி என்றால் மூன்றே பேர்: இருவர் ஆடுவார்கள், மூன்றாமவர் அவர்களோடு விழுந்தபடியே தலையில் கட்டிய கேமராவால் படம் எடுப்பார். நடுவர்கள் கீழே உட்கார்ந்து பார்ப்பது அந்தப் படத்தைத்தான். படம் பிசகினால் ஆட்டம் பிசகியதாகவே கணக்கு; பதக்கமும் மூவருக்கும் சமம். கணக்கில் வருவது 45 வினாடி. சில சுற்றுகளில் கொடுத்த அசைவுகளைச் செய்து காட்ட வேண்டும், சிலவற்றில் சொந்தமாக அமைத்ததை. நால்வர் அணியாகத் தலைகீழாகவும் நிமிர்ந்தும் வடிவங்களை மாற்றி மாற்றி அமைக்கும் போட்டி தனியாக உண்டு. அதில் அழகுக்கு மதிப்பெண் கிடையாது, எத்தனை வடிவம் என்ற எண்ணிக்கைதான். எனக்கு முதல் வகைதான் பிடிக்கும். கச்சேரி கேட்கிற வீட்டில் வளர்ந்த பழக்கமாக இருக்கலாம்.

2015இல் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவாவில் 164 பேர் தலைகீழாக விழுந்தபடி ஒரே வடிவமாகக் கைகோத்தார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே ஊரில் 138 பேர். என் ஒருவன் கால் நழுவியதற்கு என்ன ஆனது என்று சொன்னேன். அந்த 164 பேரில் ஒருவருக்கு நழுவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தபோது தைரியசாலிகளைத் தேடவில்லை. தன் இடத்தில் தன் வேகத்தில் நிற்கத் தெரிந்தவர்களைத் தேடினார்கள்.

இன்றைக்கு அதைக் கற்றுக்கொள்ள விமானம்கூட வேண்டாம். கீழிருந்து மேலே காற்றை ஊதும் கண்ணாடிக் கூண்டுகள் பல ஊர்களில் வந்துவிட்டன. அதற்குள் பத்து நிமிடம் பறந்தால், விண்ணிலிருந்து பத்துத் தடவைக்கு மேல் குதித்துக் கிடைக்கும் நேரம் ஒரே மூச்சில் கிடைக்கும். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று காலைப் பிடித்துத் திருத்துவார். தடுமாறினால் வலையிலோ கண்ணாடிச் சுவரிலோ போய் விழுவோம். என் காலத்திலும் அவை இருந்தன, காசு அதிகம் என்று நான் போகவில்லை. தோளில் வாங்கியது அதைவிட அதிகம்.

ஆகவே, அம்மா, உண்மைதான், தலைகீழாக விழுவார்கள். உங்கள் மகனிடம் நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. யாரோடு குதிக்கிறாய்? அவருக்கு எத்தனை குதிப்பு? உன் பையை ரிக்கர் பார்த்தாரா? இந்த மூன்றுக்கும் அவன் தயங்காமல் பதில் சொல்லும் வாரத்தில் அவனை விடுங்கள். தயங்கினால் வீடியோ காலில் நீங்கள் கத்தலாம், எனக்கும் ஒரு குரல் கொடுங்கள், நானும் வந்து கத்துகிறேன். தம்பி, நீ ஒன்று மட்டும் செய். நீச்சல் வகுப்பு என்று சொல்லாதே. தோள் நீலமாக இருந்த இரண்டு வாரமும் என் அம்மாவிடம் நான் வீடியோவில் பேசவில்லை. நெட் சரியில்லை என்றேன். அவர் போன பிறகுதான் அது என்னை உறுத்த ஆரம்பித்தது.

கடைசி வரிசையில் ஒருவர் கை தூக்குகிறார். என் ஹெல்மெட்டைத்தானே கேட்கிறீர்கள், அனுப்புகிறேன். உள்ளே காதுப் பக்கம் இருக்கும் சின்னப் பெட்டிதான் அந்த ஆல்டிமீட்டர். பேட்டரி போய்ப் பல வருடமாகிறது, குழந்தைகள் அமுக்கினாலும் கத்தாது. சுண்டல் வந்துவிட்டது.