ஒரு சிறுமியின் வியர்வையில் தொடங்கிய தொழில்

இன்று பட்டம் பெறும் ஆடை வடிவமைப்புத் துறை மாணவிகளே!

அடுத்து என்ன தொழில் செய்வது என்ற யோசனை உங்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கும். அதற்கு உதவியாக, சிட்னியில் வாழும் ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். பெயர் அஹெதா ஜனெட்டி. லெபனானில் பிறந்து, கைக்குழந்தைப் பருவம் தாண்டியதும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்.

2004ஆம் ஆண்டையொட்டி நடந்தது இது. அவருடைய சகோதரியின் மகளுக்கு நெட்பால் ஆட ஆசை. ஹிஜாப் அணிந்தவள் என்பதால், அவளை அணியில் சேர்க்கவே அவள் தாய் போராட வேண்டியிருந்தது. ஒருநாள் அந்த ஆட்டத்தைப் பார்க்கப் போனார் அஹெதா. உடலை ஒட்டிய முழுக்கைச் சட்டை, டிராக் பேன்ட், மேலே ஹிஜாப். குழந்தை வெக்கையில் முகம் சிவந்து ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஏற்ற விளையாட்டு உடையைத் தேடினார் அஹெதா. எங்கும் கிடைக்கவில்லை. தானே வடிவமைக்க உட்கார்ந்தார்.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு ஊர் இரண்டே வழிகளைத்தான் சொல்லும்: முக்காட்டை எடு, இல்லையென்றால் ஆட்டத்தை விடு. இரண்டுமே பெண்ணை மாறச் சொல்கின்றன. அஹெதா துணியை மாற்றினார்.

முதலில் விளையாட்டுக்கு ஏற்ற தலையுடை. பிறகு நீச்சலுடை. புர்கா, பிகினி ஆகிய இரு சொற்களையும் இணைத்து 'புர்கினி' என்று அதற்குப் பெயர் வைத்தார். நீங்கள் படித்த பாடம்தான் அங்கே வேலை செய்தது. பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், உடம்போடு ஒட்டும். அதனால் சீக்கிரம் உலரும் இலேசான பாலியெஸ்டரை எடுத்துக்கொண்டார். முதல் சோதனை வீட்டுக் குளியல் தொட்டியில். அடுத்து, தலைப்பட்டை நழுவாமல் நிற்குமா என்று பார்க்க, ரோஸ்லாண்ட்ஸ் பொதுக் குளத்துக்குப் போய்த் தானே தலைகீழாகப் பாய்ந்தார். பொது இடத்தில் அவர் நீந்தியது அன்றுதான் முதல்முறை! தன் சமூகத்துப் பெண்கள் ஏற்பார்களா என்று அறிய, மாதிரி உடையோடு ஒரு கேள்வித்தாளையும் கொடுத்துக் கருத்துக் கேட்டார்.

2005 டிசம்பரில் சிட்னியின் குரொனுல்லா கடற்கரையில் இனக்கலவரம் வெடித்தது. அதற்குப் பின், பல சமூகத்து இளைஞர்களையும் கடற்கரை உயிர்காப்புப் பணிக்குப் பயிற்றுவித்தார்கள். 2007இல் மெக்கா லாலா என்ற இளம்பெண், உயிர்காப்பாளர்களின் சிவப்பு மஞ்சள் நிறத்தில் அஹெதா வடிவமைத்த புர்கினியை அணிந்து அந்தப் பணியில் சேர்ந்தார். கலவரம் நடந்த கடலோரத்தில் ஓர் உடை செய்த வேலை இது.

எதிர்ப்பும் வந்தது. 2016 கோடையில் பிரான்சின் பல கடலோர ஊர்கள் புர்கினிக்குத் தடை போட்டன. ஆகஸ்ட் 26 அன்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், வில்நெவ்-லூபே ஊரின் தடையை நிறுத்தி வைத்தது. போட்டுக்கொள் என்று மிரட்டுவதும் தவறு, கழற்று என்று மிரட்டுவதும் தவறு. தன் உடம்பில் எது இருக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும்.

விளையாட்டு விதிகளும் மெல்ல இளகின. 2011இல், தலைமறைப்பு காரணமாக ஈரான் மகளிர் கால்பந்து அணி ஒலிம்பிக் தகுதிச்சுற்றை இழந்தது. ஆனால் 2014இல் கால்பந்தும், 2017இல் கூடைப்பந்தும் தலைமறைப்பை அனுமதித்தன. உலகப் பெரு நிறுவனமான நைக்கி விளையாட்டு ஹிஜாபை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் 2017இல்தான். அஹெதாவின் கண்ணில் 2004லேயே பட்ட தேவை, சந்தையின் கண்ணில் பட அத்தனை ஆண்டுகள் ஆயின.

மாணவிகளே, உங்களில் பலர் பனியன் கம்பெனிகளில் சேர்வீர்கள். வெளிநாட்டு ஆர்டருக்குச் சாம்பிள் போடுவீர்கள். நல்ல வேலை, நேர்த்தியாகச் செய்யுங்கள். அதோடு, ஒருநாள் உங்கள் ஊர்ப் பள்ளியில் விளையாட்டு வகுப்பு நடக்கும்போது போய் நில்லுங்கள். ஆடாமல் ஓரமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், ஏன் ஆடவில்லை என்று கேளுங்கள். துப்பட்டாவா, மாதவிடாயா, மார்பை உறுத்தும் உள்ளாடையா, வீட்டாரின் கண்டிப்பா, காரணத்தை அவளே சொல்லட்டும். குறுக்கே பேசாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் டேப்பை அதன் பிறகு எடுங்கள்.

அந்தப் பெண் எழுந்து ஆடப் போகும் நாளில்தான் நீங்கள் பெற்ற பட்டம் முழுமையாகும்.