பலூன் சொல்லும் வேதியியல்

பள்ளிப் பாடநூலில் மீத்தேன் மூலக்கூறின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கார்பன், மேலே, கீழே, இடம், வலம் என நான்கு பக்கமும் ஹைட்ரஜன். சாண எரிவாயு அடுப்பில் எரிகிறதே, அந்த மீத்தேன்தான். ஆனால் நிஜ மீத்தேன் இப்படித் தட்டையாக இருப்பதில்லை.

இதைத் தெரிந்துகொள்ள நான்கு பலூன் போதும். ஒரே அளவாக ஊதி, இரண்டிரண்டாகக் கழுத்தைச் சேர்த்துக் கட்டுங்கள். இரண்டு ஜோடியையும் குறுக்கே வைத்து ஒரு முறுக்கு முறுக்குங்கள். நான்கும் ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, மூன்று தரையில் ஊன்ற, ஒன்று மேலே நிமிர்ந்து நிற்கும். அமுக்கித் தட்டையாக்கிப் பாருங்கள். கையை எடுத்ததும் பழையபடி எழும்பிவிடும். கார்பனைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் ஜோடிகளும் இப்படித்தான் விலகி நிற்கப் பார்க்கின்றன. பிணைப்புகளுக்கிடையே 109.5 பாகை. வடிவத்தின் பெயர் நான்முகி.

1865-இல் லண்டனில் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலர், குரோக்கே ஆட்டத்தின் பந்துகளைக் குச்சியில் கோத்து மூலக்கூறுகளைக் காட்டினார். கார்பனுக்குக் கறுப்பு, ஆக்சிஜனுக்குச் சிவப்பு என்று அவர் பூசிய நிறங்கள்தாம் இன்றும் வழக்கம். ஆனால் அவருடைய மீத்தேனும் தட்டைதான்! 1874-இல் வான்ட் ஹாஃப் என்ற 22 வயது டச்சு இளைஞர் நான்முகி என்றார். பிரான்சில் லெ பெல்லும் அதே ஆண்டில் அதே முடிவுக்கு வந்தார். வான்ட் ஹாஃப் அட்டையை வெட்டி ஒட்டிச் சின்ன மாதிரிகள் செய்து, மற்ற அறிஞர்களுக்கு அனுப்பினார். கோல்பே என்ற பெரியவர், கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்க்கும் இவருக்கு என்ன வேதியியல் என்ற தோரணையில் கேலியாக எழுதினார். 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குத்தான்.

அவர் கண்டதை நாமும் காணலாம். கொண்டைக்கடலையை இரவே ஊறவையுங்கள். ஒரு கடலையில், பலூன் காட்டிய திசைகளில் நான்கு பல்குச்சி குத்துங்கள். நுனிகளில் சப்பாத்தி மாவு உருண்டைகள்: ஒன்று வெறும் மாவு, மற்றவற்றில் மஞ்சள்தூள், பீட்ரூட் சாறு, காப்பித்தூள். கண்ணாடி முன் வைத்து, அதில் தெரிவதைப் பார்த்து இன்னொன்று செய்யுங்கள். எப்படித் திருப்பினாலும் இரண்டும் பொருந்தாது. தயிருக்குப் புளிப்புத் தரும் லாக்டிக் அமிலத்திலும் இப்படி இரண்டு வகை உண்டு. தட்டைப் படத்தை வைத்துக்கொண்டு அதை விளக்க முடியாமல்தான் அக்கால அறிஞர்கள் திண்டாடினார்கள்.

பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: மூலக்கூறில் குச்சி ஏதும் கிடையாது, இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்வதே அங்கே பிணைப்பு. மற்றபடி, பலகையில் வரையும் படத்தைவிட இந்தக் கடலை எவ்வளவோ மேல் என்பேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். குச்சி முனை கூர்மை. சின்னக் குழந்தைகளுக்கு நீங்களே குத்திக் கொடுங்கள்.